ஹைனூஃப்கா மாவட்டம்: போலந்தின் காட்டோர நாட்டுப்புறத்தை முறையாக அறிவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போலந்தின் கிழக்கு ஓரத்தில், பெலாரஸ் எல்லையை ஒட்டி அமைந்திருப்பது ஹைனூஃப்கா மாவட்டம். இங்கு வருவோரில் பெரும்பாலோர் பியாவோவியேஜா என்ற ஒரே ஊருக்கு வந்து, வேலிக்குள் நிற்கும் காட்டெருதைப் பார்த்துவிட்டு, மறுநாளே வார்சாவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்புவோருக்குக் காடு ஒரு காட்சிப்பொருளாக மட்டுமே மனத்தில் தங்கும். ஐரோப்பியச் சமவெளிக் காடுகள் ஏறக்குறைய அனைத்தும் கோடரிக்கு இரையான பிறகும் இந்த ஒன்று மட்டும் எப்படித் தப்பியது என்பதை அறிய, அதைச் சுற்றியுள்ள ஊர்கள் எப்படிக் குடியேறின, அங்குள்ளவர்கள் யாருக்கு என்ன வேலை செய்தார்கள் என்பதையும் அறிந்தாக வேண்டும். ஆகவே ஊர்களை முதலில் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் நுழைவதே முறை என்பது என் கருத்து. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே செல்கிறது. நான்கு முழு நாட்கள் இருந்தால் போதும்.

படி 1: வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள்

போலந்தின் ஆட்சி அமைப்பு மூன்று அடுக்குகள் கொண்டது. மேலே மாகாணம், அதற்குக் கீழே ‘பொவியாட்’ எனப்படும் மாவட்டம், அதற்கும் கீழே ‘க்மீனா’ எனப்படும் உள்ளாட்சி வட்டாரம். 1999 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஆட்சிச் சீர்திருத்தத்தில், போட்லாஸ்கியே மாகாணத்தின் ஒரு பகுதியாக ஹைனூஃப்கா மாவட்டம் உருவானது. பரப்பு 1,600 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மக்கள்தொகை ஏறத்தாழ 40,000. அவர்களில் பாதிப் பேர் ஹைனூஃப்கா நகரத்திலேயே வசிப்பதால், மீதமுள்ள எட்டு க்மீனாக்களில் மனித நடமாட்டம் மிகக் குறைவு. பியாவோவியேஜா, நரெவ்கா, நரெவ், ச்சிஜே, டுபிச்சே செர்கியெவ்னே, க்லெஷ்செலே, செரெம்ஹா ஆகியவற்றுடன், நகரத்தின் பெயரையே தாங்கிய ஊரக ஹைனூஃப்கா க்மீனாவும் சேர்ந்தவை அந்த எட்டு.

வரைபடத்தின் நடுவே ஒரு கோடு கிழித்துப் பாருங்கள். கிழக்குப் பாதி அடர்பச்சை. அது பியாவோவியேஜா காடு. மேற்குப் பாதி வயல்களும் புல்வெளிகளும் நீள நீளமான ஊர்களுமாக இருக்கும். பனியாறுகள் விட்டுச்சென்ற மணலும் களிமண்ணும் கலந்த நிலம் இது. காட்டுப் பகுதியின் உயரம் கடல்மட்டத்துக்கு மேல் 134 முதல் 202 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை. நிலத்தின் வேறுபாட்டைக் காட்டுவது நீர்தான். வடக்கே நரெவ் ஆறு பெலாரஸில் பிறந்து மேற்கு நோக்கி வருகிறது. காட்டின் நடுவே நரெவ்கா ஆறு வடக்கு நோக்கி ஓடி அதில் கலக்கிறது. தெற்கே லெஷ்னா ஆறு எதிர்த்திசையில் எல்லையைக் கடந்து பூக் ஆற்றுக்குச் செல்கிறது. இரண்டு வழியாகப் போன நீரும் இறுதியில் விஸ்துவா ஆற்றில் சேர்ந்து பால்டிக் கடலை அடைகிறது. வடகிழக்கில் தெரியும் பெரிய நீலத்திட்டு ஷெமியானூஃப்கா நீர்த்தேக்கம். நரெவ் ஆற்றின் குறுக்கே அணை கட்டி உருவாக்கிய அது 30 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பரந்து கிடக்கிறது. அதற்காகச் சில சிற்றூர்கள் காலி செய்யப்பட்டன.

படி 2: பெயர்களை உச்சரிக்கப் பழகுங்கள்

ஊர்ப்பெயர்களைச் சரியாக ஒலிக்கத் தெரிந்தால் வழி கேட்பது எளிது. அதைவிட முக்கியமாக, பெயர்களே வரலாற்றைச் சொல்லிவிடும். போலிஷ் எழுத்தில் குறுக்குக்கோடு போட்ட ‘எல்’ நம் ‘வ’ போல ஒலிக்கும். ஆகவேதான் பலரும் ‘பியாலோவியேசா’ என்று படிக்கும் ஊரை அங்குள்ளவர்கள் ‘பியாவோவியேஜா’ என்கிறார்கள். அதன் பொருள் வெள்ளைக் கோபுரம். காட்டுக்குள் இருக்கும் பூடி என்ற ஊரின் பெயருக்குக் குடிசைகள் என்று பொருள். காட்டில் தொழில் செய்யப் போனவர்கள் போட்ட குடிசைகள் ஊராக மாறியதை அந்தப் பெயர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. டுபிச்சே செர்கியெவ்னே என்பதன் பின்பாதி ‘செர்கியெவ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்துக்குப் போலிஷ் மொழியில் செர்கியெவ் என்றும், கத்தோலிக்கத் தேவாலயத்துக்குக் கோஷ்சூவ் என்றும் தனித்தனிச் சொற்கள் உண்டு. இந்த மாவட்டத்தில் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

காரணம், கத்தோலிக்க நாடாகவே அறியப்படும் போலந்தில் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் அரிய இடம் இது. 2002 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தினரில் சுமார் 39 விழுக்காட்டினர் தம்மைப் பெலாரஷ்யர் என்று பதிந்தார்கள். மற்றவர்களிலும் பலர் வீட்டில் பேசுவது போலிஷ் அன்று. பெலாரஷ்யனுக்கும் உக்ரைனியனுக்கும் இடைப்பட்ட வட்டார வழக்கு. அதற்கு என்ன பெயர் என்று கேட்டால் ‘போ ஸ்வோயெமு’ என்று பதில் வரும்; ‘நம்ம பேச்சு’ என்று பொருள் கொள்ளலாம். முன்பெல்லாம் இனம் என்ன என்று கேட்ட அதிகாரிகளுக்கு ‘டுடெய்ஷி’, அதாவது ‘இந்த ஊர்க்காரர்கள்’ என்று சொல்லி முடித்துக்கொண்டவர்களும் உண்டு. பெரிய அரசுகள் வந்து வந்து போகும் எல்லை நிலத்தில் வாழ்பவனுக்கு அதைவிடப் பாதுகாப்பான பதில் வேறு என்ன இருக்க முடியும்?

இங்குள்ள ஆர்த்தடாக்ஸ் சபை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுகிறது. எனவே கிறிஸ்துமஸ் ஜனவரி 7 அன்று வருகிறது. டிசம்பர் இறுதியில் வந்தவர்கள் ‘கொண்டாட்டத்தையே காணோமே’ என்று ஏமாறுவதும், ஜனவரி முதல் வாரத்தில் வந்தவர்கள் கடைகள் பூட்டியிருப்பதைப் பார்த்துத் திகைப்பதும் இதனால்தான்.

படி 3: ஹைனூஃப்கா நகரத்தில் ஒரு பகல்

பியாவிஸ்டோக் நகரத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அழகான பழைய நகரம் அன்று, தொழிலாளர் குடியிருப்பு. அதற்காக உடனே கிளம்பிவிட வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டில், போலந்தைச் சாக்சனி அரச குடும்பம் ஆண்ட காலத்தில், காட்டுக்குக் காவல் இருந்த ஹைன் என்ற ஜெர்மானியக் குடும்பப் பெயரிலிருந்து ஊர்ப்பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஆனால் ஊரை ஊராக்கியது முதல் உலகப் போர். 1915 ஆகஸ்ட்டில் காட்டைக் கைப்பற்றிய ஜெர்மன் படை, மரம் வெட்டுவதற்காகவே இங்கு அறுவை ஆலைகளையும் காட்டுக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குறுகிய இருப்புப்பாதைகளையும் அமைத்தது. போருக்குப் பின் 1924-இல் ஒரு பிரிட்டிஷ் மர நிறுவனத்துக்கு வெட்டும் உரிமை தரப்பட்டு, அது காட்டைப் பெருமளவில் மொட்டையடித்ததால் 1929-இல் ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. மர ஆலைகளைச் சுற்றி வளர்ந்த இந்தக் குடியிருப்புக்கு நகர உரிமை கிடைத்ததே 1951-இல்தான்.

அந்தக் குறுகிய இருப்புப்பாதையில் ஒரு பகுதி இன்றும் உயிரோடு இருக்கிறது. கோடைக்காலத்தில் ஹைனூஃப்காவிலிருந்து டோபிவோ என்ற காட்டூருக்கு 11 கிலோமீட்டர் தூரம் சிற்றுந்து போன்ற பெட்டிகளுடன் ரயில் மெதுவாகப் போகிறது. காட்டை அழிக்கப் போட்ட தண்டவாளத்தில் இன்று காட்டைப் பார்க்க ஆட்கள் போவதை எண்ணிப் பார்த்தால் சற்று வியப்பாகத்தான் இருக்கிறது. எந்தெந்த நாட்களில் ரயில் ஓடுகிறது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நகரத்தின் பெருமை திருத்துவ ஆர்த்தடாக்ஸ் பேராலயம். அலெக்சாண்டர் க்ரிகோரோவிச் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்த இதன் வேலை கம்யூனிச ஆட்சிக்காலத்தின் 1970களில் தொடங்கியது. அர்ச்சிப்பு 1992-இல் நடந்தது. வழக்கமான வெங்காய வடிவக் குவிமாடங்களை எதிர்பார்த்துப் போகிறவருக்கு, வளைந்து எழும் கான்கிரீட் கூரையின் ஓட்டம் புதிதாக இருக்கும். உள்ளே வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் ஒளியையும் சுவரோவியங்களையும் அமர்ந்து பார்க்க அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டில் இசைக்கருவி கிடையாது, மனிதக் குரல் மட்டுமே. 1982 முதல் இந்நகரத்தின் பெயரில் நடந்துவரும் தேவாலய இசை விழாக்கள் ஹைனூஃப்காவை நாடறியச் செய்தன. பெலாரஷ்யர்களின் வாழ்வைக் காட்டும் அருங்காட்சியகம் ஒன்றும் நகரத்தில் உள்ளது. மறுநாள் நீங்கள் பார்க்கப்போகும் ஊர்களின் தறி, ஏர், பண்பாட்டுப் பொருட்களை இங்கேயே பார்த்துவிட்டுப் போவது நல்லது.

கிளம்பும் முன் மார்ச்சினெக் என்ற கேக்கை வாங்கிச் சாப்பிடுங்கள். அப்பளம் போல மெல்லிதாகச் சுட்ட இருபதுக்கும் மேற்பட்ட தகடுகளை, புளிப்பான பாலேட்டுக் கலவை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊறவைத்து, பிறகே வெட்டுகிறார்கள். குறுக்கே வெட்டிய துண்டில் அடுக்குகளை எண்ணிப் பாருங்கள். நாட்டின் பாரம்பரிய உணவுப் பட்டியலிலும் இதற்கு இடமுண்டு.

படி 4: ஊர்களைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் ஒதுக்க வேண்டிய படி இதுவே. முடிந்தால் மிதிவண்டியில் செல்லுங்கள். கிழக்குப் போலந்தின் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பாதையான கிரீன் வேலோ இம்மாவட்டத்தின் ஊடாகச் செல்கிறது.

முதலில் ஊரின் வடிவத்தைக் கவனியுங்கள். ஒரே தெரு, இருபுறமும் குறுகிய முகப்பைத் தெருவுக்குக் காட்டியபடி வரிசையாக நிற்கும் மரவீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னே நாடா போல நீண்டு செல்லும் மனை. வீடு, தொழுவம், விறகுக் கொட்டகை எல்லாம் அந்த நாடாவில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். வைக்கோலும் தானியமும் வைக்கும் பெருங்களஞ்சியங்கள் மட்டும் தீக்குப் பயந்து வெகு தூரம் தள்ளி, தெருவுக்கு இணையான இன்னொரு வரிசையாக இருக்கும். இது தற்செயலாக அமைந்ததன்று. 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இப்பகுதி பெருங்கோமகன் ஆண்ட லித்துவேனிய நாட்டுக்கு உட்பட்டிருந்தபோது, அரச நிலங்கள் அனைத்தையும் அளந்து, சம அளவு பங்குகளாகப் பிரித்து, குடியானவர்களை ஒரே தெருவில் குடியமர்த்தினார்கள். வரி வசூலுக்கு வசதியாக வரைந்த அந்தக் கோடுகள் ஏறத்தாழ 450 ஆண்டுகளுக்குப் பிறகும் வானிலிருந்து எடுத்த படங்களில் தெளிவாகத் தெரிகின்றன.

அடுத்து, நரெவ் க்மீனாவில் உள்ள த்ஷெஷ்சியான்கா, சோட்ஸே, புஹ்வி என்ற மூன்று ஊர்களுக்குச் செல்லுங்கள். ‘திறந்த சாளரக்கதவுகளின் நாடு’ என்று இவற்றைச் சேர்த்து அழைக்கிறார்கள். எல்லா வீடுகளையும் அவசரமாகப் பார்ப்பதைவிட ஒரே ஒரு சன்னலின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டித் திறந்து கிடக்கும் மரக்கதவுகளில் பச்சைப் பின்புலத்தில் வெள்ளை அல்லது மஞ்சள் நிறச் சாய்சதுரம் ஒட்டியிருக்கும். சன்னலுக்கு மேலே கிரீடம் போன்ற ஒரு பலகை. அதில் ரம்பத்தால் அறுத்தெடுத்த பறவைகள், இலைகள், சுருள்கள். பலகையின் கீழ்விளிம்பு சரிகை போலப் பல் பல்லாக இறங்கும். அந்த ஓட்டைகள் வழியாக வெயில் விழுந்து, பலகையின் நிழல் அதற்குக் கீழுள்ள சுவரில் இன்னொரு சரிகையாக விரியும். மாலையில் பார்த்தால் நிழலே அலங்காரத்தைவிட அழகு. வீட்டின் மூலைகளில் நெடுக அடித்த பலகைகளிலும் கூரை முக்கோணத்திலும் இதே வேலைப்பாடு தொடரும். தெருவுக்குத் தெரியும் சன்னல்களில் மட்டும் இத்தனை உழைப்பைக் கொட்டிவிட்டு, கொல்லைப்புறத்தை வெறுமையாக விட்டிருப்பதும் கவனிக்கத் தக்கது. ஊராருக்குக் காட்டத்தானே அலங்காரம்!

இந்தக் கலை ரஷ்ய நாட்டுப்புறத்தின் மரச்செதுக்கலை ஒத்திருக்கிறது. அதற்கான காரணங்களுள் ஒன்று பெருந்துயரம். 1915 கோடையில் ஜெர்மன் படை நெருங்கியபோது, இங்குள்ள ஆர்த்தடாக்ஸ் மக்கள் ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு ரஷ்யாவின் உட்பகுதிகளுக்கு வெளியேறினார்கள்; சிலர் சைபீரியா வரை போனார்கள். ‘பியெஜேன்ஸ்ட்வோ’ என்று இன்றும் வீடுகளில் பேசப்படும் அந்த இடப்பெயர்வில், வழியோரக் குழிகளில் குழந்தைகளைப் புதைத்துவிட்டு நடந்தவர்கள் ஏராளம். 1918 முதல் 1922 வரை திரும்பி வந்தவர்கள் கண்டது எரிந்த வீடுகளும் புதர் மண்டிய வயல்களும்தான். மறுபடியும் கட்டியபோது, வெளியூரில் கண்ட அலங்காரங்களைத் தங்கள் சன்னல்களில் வைத்தார்கள். ஒரு ஊரின் மகிழ்ச்சியான முகப்புக்குப் பின்னால் அகதி வாழ்வு இருப்பதை அறிந்து பார்க்கும்போது அந்தச் சரிகைப் பலகை வேறாகத் தெரியும்.

இந்த ஊர்களின் மரத் தேவாலயங்களும் வண்ணம் பூசியவை. த்ஷெஷ்சியான்காவின் தேவாலயம் பச்சை, 1860களில் கட்டியது. புஹ்வியின் தேவாலயம் நீலம். முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டிக் கட்டியது. புஹ்வி என்ற பெயருக்கு ஊரார் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். கால் வீங்கிய ஒருவர் இங்குள்ள லிண்டன் மரத்தடியில் வேண்டிக்கொண்டிருந்தபோது அன்னை மரியாளின் திருவுருவம் தோன்றி அவரைக் குணப்படுத்தியதாம்; ‘வீங்கிய’ என்ற சொல்லே ஊர்ப்பெயராயிற்று. தேவாலயத்தைச் சுற்றியுள்ள முதிர்ந்த மரங்களின் நிழலில் நிற்கும்போது கதையை நம்புவது அவ்வளவு கடினமாக இல்லை.

ஊரின் எல்லைகளில் நிற்கும் உயரமான சிலுவைகளையும் தவறவிடாதீர்கள். மூன்று குறுக்குக் கட்டைகளும் கீழ்க்கட்டை சாய்ந்தும் இருந்தால் அது ஆர்த்தடாக்ஸ் சிலுவை. தண்டில் வண்ண நாடாக்களோ கைத்தறித் துண்டுகளோ கட்டியிருக்கும். கொள்ளைநோயும் தீயும் ஊருக்குள் வராதிருக்க நேர்ந்துகொண்டு நாட்டியவை அவை.

நேரம் இருந்தால் தெற்கே க்லெஷ்செலே வரை சென்று வாருங்கள். 1523-இல் நகர உரிமை பெற்று, 1950-இல் அதை இழந்து, 1993-இல் மீண்டும் பெற்ற சிற்றூர் இது. 1709-இல் கட்டிய மர மணிக்கூண்டு ஒன்று தன் தேவாலயத்தை இழந்த பிறகும் இங்கு நிற்கிறது.

படி 5: பேசப்படாத இடங்களுக்கும் செல்லுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டுப் போகும் வழிகாட்டிகளே அதிகம். நரெவ்காவில் காட்டோரமாக ஒரு யூதக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. எபிரேய எழுத்துகள் தேய்ந்த கற்கள் பாசிக்கும் புதருக்கும் நடுவே சாய்ந்து கிடக்கின்றன. 1941 ஆகஸ்ட்டில் ஜெர்மன் காவல் படை அவ்வூர் யூத ஆண்களைச் சுட்டுக் கொன்று மற்றவர்களை வெளியேற்றியதோடு அந்தச் சமூகம் முடிந்தது.

க்லெஷ்செலேவை அடுத்த ஸாலெஷானி ஊரில் 1946 ஜனவரி இறுதியில், போலந்தின் கம்யூனிச எதிர்ப்புத் தலைமறைவுப் படை ஒன்று வீடுகளுக்குத் தீ வைத்துப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது. அடுத்த சில நாட்களில் சுற்றுவட்டாரத்தின் வேறு ஊர்களிலும் அதுவே நடந்தது; இறந்தோர் எண்பதை ஒட்டிய ஆர்த்தடாக்ஸ் பெலாரஷ்யர். ‘பூரி’ என்ற புனைபெயர் கொண்ட அப்படைத்தலைவர் ரோமுவால்ட் ரைஸை நாட்டின் ஒரு சாரார் இன்றும் வீரராகப் போற்றுகிறார்கள். ஆனால் போலந்தின் தேசிய நினைவு நிறுவனம் நடத்திய விசாரணை, அச்செயல்களில் இன அழிப்பின் அடையாளங்கள் உள்ளதாக 2005-இல் முடிவுக்கு வந்தது. இவ்வூர்களில் வயதானவர்களிடம் பேச நேர்ந்தால் இதை நீங்களாகத் தொடங்க வேண்டாம்; அவர்கள் தொடங்கினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: காட்டுக்குள் நுழையுங்கள்

ஹைனூஃப்காவிலிருந்து பியாவோவியேஜாவுக்கு 20 கிலோமீட்டர் அளவில் ஒரே நேர்ச்சாலை, முழுவதும் காட்டின் ஊடாக. போலந்து, பெலாரஸ் என இருநாடுகளிலுமாக ஏறத்தாழ 1,500 சதுர கிலோமீட்டர் பரந்த காட்டில் போலந்தின் பங்கு சுமார் 600. அதிலும் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுவது ஏறத்தாழ 105 சதுர கிலோமீட்டர் மட்டுமே. 1921-இல் காப்புப் பகுதியாகத் தொடங்கி 1932-இல் தேசியப் பூங்காவான இது, 1979-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது.

காடு தப்பியதற்கு முதற்காரணம் அரசர்களின் வேட்டை ஆசை. லித்துவேனியாவின் பெருங்கோமகன்களும் பின்னர் போலந்தின் அரசர்களும் இதைத் தம் தனி வேட்டைக்காடாக வைத்துக்கொண்டு, மற்றவர்கள் வேட்டையாடவும் மரம் வெட்டவும் தடை போட்டார்கள். 1410-இல் ஜெர்மானிய டியூட்டானிக் வீரர் அமைப்புக்கு எதிராக நடந்த க்ரூன்வால்ட் போருக்கு முன்னர் மன்னர் யாகியெவோ இங்கு வேட்டையாடி, இறைச்சியை உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்து ஆற்று வழியே படைக்கு அனுப்பியதை வரலாற்றாசிரியர் யான் துவுகோஷ் பதிவு செய்திருக்கிறார். அரசனின் காட்டைக் காத்தவர்களோ நேற்று நீங்கள் பார்த்த ஊர்களின் மக்கள். ‘ஓசோச்னிக்’ எனப்பட்ட காவலர்கள், மற்றக் குடியானவர்கள் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பிலிருந்து விலக்குப் பெற்று, அதற்கு ஈடாகக் காட்டைக் காவல் காத்தார்கள். வேட்டை நாட்களில் விலங்குகளை விரட்டி வரும் வேலையும் அவர்களுடையதே. மரக்கிளையில் அல்லாமல், உயிருள்ள பைன் மரத்தின் அடிமரத்தைக் குடைந்து தேனீ வளர்க்கும் உரிமையும் சிலருக்கு இருந்தது. போலந்து, பெலாரஸ் நாடுகளின் அந்த மரபை யுனெஸ்கோ 2020-இல் மானுடத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது.

தேசியப் பூங்காவின் கடுங்காப்புப் பகுதிக்குள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே செல்லலாம். விடியற்காலை நடைக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் பலரும் கேட்கும் கேள்வி, ‘ஏன் இவ்வளவு மரங்கள் விழுந்து கிடக்கின்றன?’ என்பதே. பதில் அந்த விழுந்த மரத்திலேயே இருக்கிறது. மடிந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் அருகில் குனியுங்கள். பட்டை உரிந்த இடத்தில், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் கிளைத்துச் செல்லும் நுண்ணிய பள்ளங்கள் தெரியும்; அவை பட்டை வண்டின் புழுக்கள் தின்றுகொண்டே போன பாதைகள். சற்றுத் தள்ளி அலமாரித் தட்டுப்போலப் பூஞ்சை நீட்டிக்கொண்டிருக்கும். மேலே பாசி மெத்தை; அந்த மெத்தையில் ஒரு விரல் உயரத்துக்கு ஸ்ப்ரூஸ் கன்றுகள் வரிசை பிடித்து முளைத்திருக்கும். தரையில் விழுந்த விதைக்குக் கிடைக்காத வெளிச்சமும் ஈரமும் அழுகிய மரத்தின் முதுகில் கிடைக்கின்றன. இக்காட்டில் உள்ள 12,000-க்கும் மேற்பட்ட முதுகெலும்பற்ற உயிரினங்களில் பல இத்தகைய மடிந்த மரங்களை நம்பியே வாழ்கின்றன. மூன்றுவிரல் மரங்கொத்தியும் வெண்முதுகு மரங்கொத்தியும் இங்கு இருப்பது அதனால்தான்.

அதே பட்டை வண்டுதான் அரசியல் புயலையும் கிளப்பியது. 2012-க்குப் பின் வண்டு பெருகி ஸ்ப்ரூஸ் மரங்கள் மொத்தமாகக் காய்ந்தபோது, காட்டைக் காப்பாற்றுவதாகச் சொல்லி அரசு 2016-இல் பூங்காவுக்கு வெளியிலுள்ள பகுதிகளில் வெட்டும் அளவை உயர்த்தியது. எதிர்ப்பாளர்கள் இயந்திரங்களுடன் தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். 2018 ஏப்ரல் 17 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அந்த வெட்டு சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. இருப்பினும் ஊர்மக்களில் பலர், ‘எங்கள் தாத்தாக்கள் காத்த காட்டில் விறகெடுக்கவும் எங்களுக்கு உரிமை இல்லையா?’ என்று கேட்பதைப் பொருட்படுத்தாமல் ஒதுக்கிவிட முடியாது.

படி 7: காட்டெருதைத் தேடுங்கள்

‘ஜூப்ர்’ எனப்படும் ஐரோப்பியக் காட்டெருதின் கதை அறியாமல் அதைப் பார்ப்பதில் பயனில்லை. முதல் உலகப் போருக்கு முன் இக்காட்டில் 700-க்கும் மேல் இருந்தன. போர்க்காலத்தில் படையினரும் பின்னர் திருட்டு வேட்டைக்காரர்களும் சுட்டுத் தீர்த்து, 1919-இல் கடைசி விலங்கும் வீழ்ந்தது. உலகெங்கும் விலங்குக் காட்சிச்சாலைகளில் எஞ்சியிருந்த 50-க்குச் சற்று அதிகமானவற்றை வைத்து மறுபிறப்பு வேலை தொடங்கியது. 1929-இல் பியாவோவியேஜாவுக்கு முதல் விலங்குகள் திரும்பக் கொண்டுவரப்பட்டன. 1952-இல் முதல் இரண்டு காட்டில் விடப்பட்டன. இன்று நீங்கள் காணும் சமவெளி இனம் முழுவதும் ஏழே மூதாதை விலங்குகளின் வழிவந்தது. கலப்பு நேராமல் கண்காணிக்க ஒவ்வொன்றையும் வம்சாவளிப் பதிவேட்டில் எழுதினார்கள். போலந்தில் பிறந்த சமவெளி இனத்தின் பெயர்கள் ‘போ’ என்ற அசையில் தொடங்கும்.

காட்சிக் காப்பகத்தில் வேலிக்குள் பார்ப்பது எளிது. ஓநாய், லிங்ஸ் எனப்படும் காட்டுப்பூனை, எல்க் மான் ஆகியவையும் அங்குண்டு. பியாவோவியேஜாவிலிருந்து ‘ஜூப்ரின் விலா எலும்புகள்’ என்ற பெயர் கொண்ட, சதுப்பின்மேல் பலகை பதித்த நடைபாதை வழியே அங்குச் செல்லலாம். விலா எலும்பு என்பது அந்தப் பலகைகளைத்தான். ஆயினும் தானாகத் திரியும் மந்தையைக் காண விரும்பினால் நவம்பர் முதல் மார்ச் வரை வாருங்கள். பனிக்காலத்தில் வைக்கோல் போடும் இடங்களிலும் காட்டோரப் புல்வெளிகளிலும் அவை கூட்டமாக நிற்கும். டெரெமிஸ்கி, நரெவ்கா பக்கம் விடியலில் தேடிப் பாருங்கள். குறைந்தது 50 மீட்டர் தள்ளி நில்லுங்கள். தலையைத் தாழ்த்தி வாலை உயர்த்தினால் உடனே பின்வாங்குங்கள். ஆண் விலங்கு 800 கிலோவையும் தாண்டும்.

படி 8: அரண்மனைப் பூங்கா

பியாவோவியேஜாவின் நடுவில் இருக்கும் பூங்காவுக்கு ஒரு மணி நேரம் போதும். குளத்தங்கரையில் நிற்கும் கல்தூண், போலந்து மன்னர் மூன்றாம் அகஸ்டஸ் 1752-இல் நடத்திய வேட்டையில் 42 காட்டெருதுகள் வீழ்ந்ததைப் போலிஷிலும் ஜெர்மனிலும் பெருமையோடு பட்டியலிடுகிறது. விலங்குகளை வேலிக்குள் விரட்டி வந்து நிறுத்த, மேடையில் நின்று சுட்டார்கள். இதில் வீரம் எங்கே என்று தெரியவில்லை. ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாண்டருக்காக 1894-இல் முடிந்த வேட்டை அரண்மனை 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியரால் எரிந்தது. செங்கல் வாயில் மட்டும் எஞ்சியிருக்கிறது; அரண்மனை இருந்த இடத்தில் இயற்கை அருங்காட்சியகம் உள்ளது. பூங்காவுக்கு வெளியே, 1895-இல் அர்ச்சித்த புனித நிக்கோலஸ் தேவாலயத்தில், திருவுருவங்களைத் தாங்கிய திரைச்சுவர் முழுவதும் பீங்கானால் ஆனது. திறந்திருந்தால் அதைப் பார்க்காமல் போகாதீர்கள்.

படி 9: பயண ஏற்பாடு

வார்சாவிலிருந்து பியாவிஸ்டோக்குக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். போலந்து ஷெங்கன் நாடு என்பதால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு அந்த விசா போதும். கோடையில் கொசுவும் உண்ணியும் அதிகம். உண்ணிவழி பரவும் மூளை அழற்சி நோய் இப்பகுதியில் நிலைகொண்டது என்பதால், தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் புறப்படுவதற்குப் பல வாரங்கள் முன்பே பேசுங்கள். காட்டில் முழுக்கால் சட்டையும் காலுறையும் கட்டாயம்.

எல்லை விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2021 கோடை முதல் பெலாரஸ் வழியே வரும் அகதிகளைத் தடுக்க, 2022-இல் போலந்து 186 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஐந்தரை மீட்டர் உயர எஃகு வேலி அமைத்தது. அது இந்த ஆதிக்காட்டையும் ஊடறுத்துச் செல்வதால் விலங்குகளின் வழிகளும் அடைபட்டன. 2024 ஜூனில் கொண்டுவந்த நுழைவுத் தடைப் பகுதியின் எல்லைகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், புறப்படும் முன்னர் எல்லைக் காவல் படையின் அறிவிப்பைப் பாருங்கள். கடவுச்சீட்டை எப்போதும் கையில் வைத்திருங்கள். 2021 இலையுதிர்காலத்தில் இந்த எல்லையோர ஊர்களில் சில வீடுகளின் சன்னலில் இரவு முழுவதும் பச்சை விளக்கு எரிந்தது. காட்டிலிருந்து குளிரிலும் பசியிலும் வருபவருக்கு இங்கே உணவும் சூடான உடையும் கிடைக்கும் என்பதற்கு அது அடையாளம்.

திரும்பும்போது, மே முதல் ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் வந்திருந்தால், நரெவ் ஆற்றை ஒட்டிய சாலையைத் தேர்ந்தெடுங்கள். மின்கம்பத்துக்கு ஒரு கூடாக வெள்ளை நாரைகள் குஞ்சுகளோடு நின்றிருக்கும். ஆகஸ்ட் கடைசியில் போனால் வெறுங்கூடுகள்தான்.